குருதிப் புற்றுநோயும் குறிவைக்கும் மருந்துகளும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

முன்னுரை

செய்முறை வகுப்பில் விரலைக் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறோம். வெள்ளணுக்களில் நூற்றுக்கு 20 முதல் 40 வரை லிம்ஃபோசைட்டுகள் எனப்படும் நிணவணுக்கள் இருப்பதை எண்ணிக் குறித்திருக்கிறோம். அப்படி எண்ணிக்கொண்டிருந்த ஒரு நாள், "இவை அளவுக்கு மீறிப் பெருகிவிட்டால் என்ன மருந்து கொடுப்பார்கள், ஐயா?" என்று பேராசிரியரிடம் கேட்டேன். "யாருக்கு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த ஒரு சொல்லுக்கு விடை தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

நோயின் இயல்பு

எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் பி-நிணவணுக்கள், சாகவேண்டிய காலத்தில் சாகாமல் இரத்தத்திலும் மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் குவிவதே நாள்பட்ட நிணவணு இரத்தப் புற்றுநோய். மேலைநாடுகளில் பெரியவர்களுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்களில் இதுவே மிகுதி. நம் நாட்டில் குறைவு. பெரும்பாலும் முதியவர்களையே பற்றும். ஒரே மூல அணுவிலிருந்து பெருகிய பி-நிணவணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 5000-க்குக் குறையாமல் மூன்று மாதம் நீடித்தால் இந்நோய் என்று கொள்வர். இவ்வணுக்கள் மெல்லியவை. தகட்டில் பூசும்போதே பல நசுங்கிச் சிதைந்துவிடும். அச்சிதைவும் நோயைக் காட்டும் ஓர் அடையாளமாகும்.

முதற்கேள்வி: மருந்து இப்போது தேவையா?

நோய் தெரிந்தவுடன் மருந்து தரவேண்டும் என்றே நான் எண்ணியிருந்தேன். ஆனால், தொல்லை தராத தொடக்க நிலையில் மருத்துவர்கள் காத்திருந்து கவனிக்கிறார்கள். தொடக்கத்திலேயே குளோராம்புசில் மருந்தைக் கொடுத்ததால் நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை என்பதை 1998-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. இரத்தசோகை, தட்டணுக்களின் வீழ்ச்சி, மிகப் பெருத்த மண்ணீரல், காரணமற்ற காய்ச்சல், உடல் மெலிவு, ஆறு மாதத்திற்குள் அணுக்கள் இருமடங்காதல் போன்றவை தோன்றினால்தான் சிகிச்சை தொடங்கும். எண்ணிக்கை உயர்வு மட்டுமே காரணமாகாது.

இரண்டாம் கேள்வி: மரபணு என்ன சொல்கிறது?

பழைய மருந்துகள் அணுவின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும். சேதத்தை உணர்ந்து அந்த அணுவைச் சாகச் செய்வது பி-53 என்னும் புரதம். அதற்கான மரபணு 17-ஆம் குரோமோசோமின் குறுங்கையில் உள்ளது. அப்பகுதி அறுந்துபோயிருந்தாலோ, மரபணு பழுதாகியிருந்தாலோ, அணு சேதத்தைப் பொருட்படுத்தாது வாழும். நோயாளிக்கு மருந்தின் துன்பம் மட்டுமே மிஞ்சும். எனவே சிகிச்சைக்கு முன் இச்சோதனை இன்றியமையாதது. இத்தகையோருக்கும் பயன்படுவதே குறிவைக்கும் மருந்துகளின் சிறப்பு.

இரு பெரும் வகைகள்

1952-இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர், எதிர்ப்பொருள்களே இல்லாத ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அக்குறைக்குக் காரணமான நொதி 1993-இல் கண்டறியப்பட்டு அவர் பெயரையே பெற்றது. அந்நொதி இல்லாவிட்டால் பி-நிணவணுக்கள் வளரா. அப்படியானால் அதைத் தடுத்தால் நோயணுக்களும் வாடும் அன்றோ! இவ்வழியில் வந்த இப்ருட்டினிப், 2014-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. அதன்பின் அகாலப்ருட்டினிப், ஜானுப்ருட்டினிப் ஆகியவை வந்தன. இம்மூன்றும் நொதியின் 481-ஆம் இடத்திலுள்ள சிஸ்டீனைப் பற்றிக்கொள்ளும். அந்த அமினோ அமிலம் மாறிவிட்டால் பிடி நழுவும். அவ்விடத்தைச் சாராமல் நொதியைத் தடுக்கும் பிர்ட்டோப்ருட்டினிப் 2023-இல் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது.

மற்றொரு வகை வெனடோக்ளாக்ஸ். பி.சி.எல்-2 என்னும் புரதம் அணுவைச் சாகவிடாமல் காக்கிறது என்பதை 1988-இல் மெல்போர்ன் நகர ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அக்காவலை நீக்கும் இம்மருந்து 2016-இல் ஒப்புதல் பெற்றது.

மூன்றாம் கேள்வி: நோயாளி யார்?

முதல் வகை மாத்திரையைப் பொதுவாக நோய் கட்டுப்பட்டிருக்கும்வரை விடாமல் உண்ண வேண்டும். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதல், இரத்த அழுத்தம், இரத்தக்கசிவு ஆகியவை வரலாம். இவ்விரு மருந்துகளையும் நேருக்குநேர் ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வில், இப்ருட்டினிப் உண்டவர்களில் நூற்றுக்கு 16 பேருக்கும், அகாலப்ருட்டினிப் உண்டவர்களில் ஏறத்தாழ 9 பேருக்கும் துடிப்புக் கோளாறு கண்டது. ஆகவே இதய நோயுள்ளவருக்கு இவ்வகையைத் தரத் தயங்குவர். தந்தாலும் புதியவற்றையே நாடுவர்.

வெனடோக்ளாக்ஸை ஒபினுட்டுசுமாப் என்னும் எதிர்ப்பொருளோடு முதற்சிகிச்சையாகக் கொடுத்தால் ஏறத்தாழ ஓராண்டில் நிறுத்திவிடலாம். ஆனால் அணுக்கள் ஒரே நேரத்தில் பெருமளவில் மடிந்தால், அவற்றின் கழிவுகள் சிறுநீரகத்தைத் தாக்கும். எனவே நாளொன்றுக்கு 20 மில்லிகிராமில் தொடங்கி, வாரந்தோறும் 50, 100, 200, 400 என்று உயர்த்துவர். இரத்தத்தை அடிக்கடி சோதிப்பர். சிறுநீரகம் பழுதானவரிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மருத்துவமனைக்கு அடிக்கடி வர இயலாத முதியவருக்கு மாத்திரை எளிது. ஆண்டுக்கணக்கில் மருந்து வாங்க வசதியற்றவருக்கு ஓராண்டு முறையே ஆறுதல். இதயமும் சிறுநீரகமும் போலவே வீட்டுத் தொலைவும் கைப்பொருளும் மருந்தைத் தீர்மானிக்கின்றன.

முடிவுரை

என் வீட்டில் கல்லூரிப் படியேறியவன் நானே முதல்வன். ஊரில் யாருடைய பரிசோதனைச் சீட்டானாலும் என்னிடம்தான் படிக்கக் கொடுப்பார்கள். நானும் எண்ணைப் பார்த்து, "கூடுதலாக இருக்கிறது" என்று சொல்லி அவர்களை அச்சுறுத்தியதுண்டு. "இப்போது மருந்து வேண்டாம்" என்று ஒரு மருத்துவர் சொன்னால், அவர் கைவிட்டுவிட்டார் என்றே நம் மக்கள் எண்ணுகிறார்கள். அப்படியன்று, அதுவும் ஆராய்ந்து எடுத்த ஒரு முடிவே என்று இனி என்னால் விளக்க இயலும். எது வலிய மருந்து என்று கேட்பதை விடுத்து, யாருக்கு, எப்போது, எதனால் என்று கேட்கப் பழகுவோமாக. தேர்வுத்தாளுக்கு வெளியேயும் நம் படிப்பு பயன்படட்டும்!