திரும்பி வருவதற்கு வாங்குங்கள்: புதிதாகப் போட் வாங்குவோருக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

நான் கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்தவன். லங்காட் ஆற்றைத் தாண்டினால்தான் எங்களுக்குப் பட்டணம். பின்பு கிள்ளான் துறைமுகப் பக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் போட் எஞ்சின் பழுது பார்த்தேன். இப்போது வார இறுதியானால் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பிள்ளைகள் தேடி வருகிறார்கள். “அங்கிள், ஒரு பொந்தூன் போட் வாங்கலாம்னு இருக்கோம், எவ்வளவு ஆகும்?” என்பதுதான் முதல் கேள்வி. எந்தத் தண்ணீரில் ஓட்டப்போகிறோம் என்று ஒருவரும் சொல்வதில்லை. அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். காசு குறைவாக உள்ளவர்கள்தான் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அவர்களால் ஒரே போட்டை இரண்டு முறை வாங்க முடியாது.

1. முதலில் தண்ணீரைத் தேர்ந்தெடுங்கள், பிறகு போட்டை.

பொந்தூன் என்பது இரண்டு நீண்ட அலுமினிய உருளைகளின் மேல் போட்ட சமதளம். ஆடாது, இடம் தாராளம், பாட்டியும் பேரனும் பயமில்லாமல் நடக்கலாம். கென்யிர், தெமெங்கோர் போன்ற அணை ஏரிகளுக்கு அதைவிட வசதியானது இல்லை. ஆனால் கிள்ளான் நீரிணை வேறு. நார்த்போர்ட்டுக்கும் வெஸ்ட்போர்ட்ஸுக்கும் வரும் கொள்கலன் கப்பல் கிளப்பும் அலை, கப்பல் கண்ணிலிருந்து மறைந்த பிறகு வந்து அடிக்கும். அந்த அலையில் பொந்தூனின் மூக்கு குத்தினால் தண்ணீர் தளத்தின் மேல் ஏறிவிடும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலை ஒட்டி, ‘சுமத்ரா’ என்று நாம் சொல்லும் திடீர்ப் புயல்காற்றும் உண்டு. கெத்தாம் தீவுப் பக்கம் மீன் பிடிக்கப் போகிறவர்கள் அடிப்பாகம் கூராக இறங்கும் பைபர் போட்டைப் பாருங்கள். ஏரிக்கும், அமைதியான ஆற்றுப் பகுதிக்கும் மட்டும் பொந்தூன். இரண்டுக்கும் ஒரே போட் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

2. நீரேற்றம் பார்க்கத் தெரியாதவர் இன்னும் போட் வாங்கக் கூடாது.

கிள்ளான் கரையில் தினம் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். மலாய்க்காரர்கள் ‘ஆயேர் பாசாங்’, ‘ஆயேர் சுருட்’ என்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டுக்கும் இடையே நான்கு மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வரும். அது ஒரு மாடி வீட்டு உயரம். காலையில் ஆழமாக இருந்த கால்வாய் மத்தியானம் வெறும் சேறு. ஏற்றம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். ஒரு மாதம் ஜெட்டியில் உட்கார்ந்து இதைப் பாருங்கள். இந்தப் பாடத்துக்குச் செலவே இல்லை.

3. எத்தனை பேர் ஏறலாம் என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள்.

பொந்தூன் வாங்குகிறவர்கள் தளத்தின் நீளத்தையும் இருக்கைத் துணியையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது உருளையின் குறுக்களவு. 60 சென்டிமீட்டர் குறுக்களவும் 6 மீட்டர் நீளமும் உள்ள ஓர் உருளை முழுதாக மூழ்கினால் ஏறக்குறைய 1,700 கிலோ தாங்கும். இரண்டும் சேர்ந்து 3,400. உருளை பாதிக்கு மேல் மூழ்கக் கூடாது என்பது என் விதி. ஆக மொத்த எடை 1,700 கிலோவுக்குள் நிற்க வேண்டும். தளம், கம்பி, இருக்கை, எஞ்சின், பெட்ரோல், பேட்டரி, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 700 கிலோ. எட்டு, ஒன்பது பேர் தாராளமாகப் போகலாம்.

இப்போது விலை குறைவு என்று 50 சென்டிமீட்டர் உருளை வாங்குகிறீர்கள். மேலே உள்ள தளமும் எஞ்சினும் அதேதான். பாதி மூழ்கும் அளவு 1,180 கிலோதான். மிச்சம் 180. இரண்டு பேர்! பத்து சென்டிமீட்டரில் ஒரு குடும்பமே கரையில் நின்றுவிடுகிறது. காசு போதவில்லையென்றால் தளத்தின் நீளத்தைக் குறையுங்கள், சாமான்களைக் குறையுங்கள். உருளையின் குறுக்களவில் கை வைக்காதீர்கள்.

4. உருளையைத் தட்டிப் பாருங்கள், குனிந்து பாருங்கள்.

ஒவ்வோர் உருளையின் உள்ளும் தடுப்புச் சுவர்கள் வைத்துத் தனித்தனி அறைகளாகப் பிரித்திருக்க வேண்டும். ஓர் அறை ஓட்டையானாலும் மற்றவை மிதக்க வைக்கும். பற்றவைத்த இடங்களில் ஊசித்துளையோ வெடிப்போ இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். தளப் பலகை கடலுக்கென்று செய்த ஒட்டுப்பலகையா என்று கேளுங்கள். சாதாரணப் பலகை நம் மழைக்கும் வெயிலுக்கும் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். உப்புத் தண்ணீரில் கட்டி வைப்பதானால் பாசியும் சிப்பியும் ஒட்டும். அதற்காகச் செம்பு கலந்த பெயின்ட்டை அலுமினியத்தின் மேல் அடித்துவிடாதீர்கள். அலுமினியத்தையே அது அரித்துவிடும்.

5. பெரிய போட், சின்ன எஞ்சின் என்ற ஜோடி வேண்டாம்.

புதியவர்கள் செய்யும் தவறு இதுதான். காசெல்லாம் தளத்தில் போய்விடும், கடைசியில் கிடைத்த எஞ்சினை மாட்டுவார்கள். காற்றில்லாத காலையில் அது நன்றாகத்தான் ஓடும். எதிர்நீரும் எதிர்காற்றும் சேர்ந்து வரும் மாலையில் போட் நின்ற இடத்திலேயே நிற்கும். பொந்தூன் உயரமான பெட்டி மாதிரி, காற்று அதைத் தள்ளிக்கொண்டே போகும். ஆகவே போட்டை இரண்டு அடி குறைத்து எஞ்சினை ஒரு படி ஏற்றுங்கள். போட் செய்தவர் குறித்திருக்கும் உச்ச குதிரைத்திறனைத் தாண்டவும் வேண்டாம், அதில் பாதிக்கும் கீழே இறங்கவும் வேண்டாம்.

விசிறியையும் பாருங்கள். கனமான போட்டுக்குப் புரி (பிட்ச்) நெருக்கமான விசிறி வேண்டும். ஆட்களை ஏற்றி முழு வேகத்தில் ஓட்டும்போது எஞ்சின் அதன் கையேடு சொல்லும் சுற்றை எட்ட வேண்டும். எட்டவில்லையென்றால் புரி அளவை ஓர் அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்று கூடும். புது எஞ்சின் வாங்காமலே பல பேருக்கு நான் இப்படிச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன்.

6. இரண்டு ஸ்ட்ரோக்கா, நான்கு ஸ்ட்ரோக்கா?

நம் கரையோர மீனவர்கள் யமஹா என்டியூரோ போன்ற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களை நம்புவதற்குக் காரணம் உண்டு. எடை குறைவு, பாகம் குறைவு, கையில் இருக்கும் ஸ்பேனரால் பிரித்துப் பூட்டலாம். ஆனால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், எண்ணெயும் கலக்க வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்றால் 25 லிட்டருக்கு அரை லிட்டர். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் சத்தம் குறைவு, சிக்கனம். விலையும் எடையும் கூடுதல். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் போகிறவருக்கு மிச்சமாகும் பெட்ரோல் கொஞ்சம்தான். வாரா வாரம் குடும்பத்தோடு நாள் முழுதும் ஏரியில் இருப்பவருக்கு நான்கு ஸ்ட்ரோக்தான் கடைசியில் மலிவு. உங்கள் மணிக்கணக்கை முதலில் எழுதிப் பாருங்கள்.

7. தண்டின் நீளத்தை அளக்காமல் எஞ்சின் வாங்காதீர்கள்.

இது என் சொந்தக் கதை. என் முதல் பைபர் போட்டின் பின்பலகை 20 அங்குலம். ஒரு கடையில் 15 அங்குலக் குட்டைத் தண்டு எஞ்சின் மலிவாகக் கிடைத்தது. “எல்லாம் ஒன்றுதான்” என்றார்கள், வாங்கிவிட்டேன். ஆற்றில் ஓடியது. நீரிணையில் அலை எழும்போதெல்லாம் விசிறி காற்றைக் குடித்தது. எஞ்சின் அலறியது, போட் நகரவில்லை. வற்றம் எங்களை இழுத்துக்கொண்டு போய்ச் சேற்றுத்திட்டில் உட்கார வைத்தது. உடன் என் தம்பி இருந்தான், அவனுக்கு அப்போது பதினான்கு வயது. நள்ளிரவு ஏற்றம் வந்த பிறகு ஒரு சீன மீனவர் கயிறு போட்டு இழுத்து வந்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். கரையில் காத்திருந்த அம்மாவின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

தண்டு பொதுவாக 15, 20, 25 அங்குலம் என்று வரும். எஞ்சின் தொங்கும் பலகையின் மேல்விளிம்பிலிருந்து அடிப்பாகம் வரை அளந்து பாருங்கள். எஞ்சினை மாட்டிய பின் விசிறிக்கு மேலே உள்ள தட்டு, போட்டின் அடிமட்டத்துக்குச் சமமாக நிற்க வேண்டும். அளவு நாடாவின் விலை சில வெள்ளிதான்.

8. காசு போதவில்லையா? போட்டைப் பழசாக வாங்குங்கள், எஞ்சினைப் புதுசாக வாங்குங்கள்.

ஓட்டையைக் கண்ணால் பார்க்கலாம், அடைக்கலாம். எஞ்சினின் உள்நோய் வெளியே தெரியாது. பழைய எஞ்சினைத்தான் வாங்க முடியும் என்றால் இவற்றைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். குளிரூட்டும் நீர் பின்புறம் விடாமல் பீய்ச்ச வேண்டும். கியர் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். எஞ்சின் எண் சுரண்டப்பட்டிருந்தாலோ ரசீது இல்லாவிட்டாலோ எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். இன்னொரு மீனவரின் பிழைப்பைத் திருடியவனிடம் நாம் வாங்கக் கூடாது.

9. பெயரைவிட, பாகம் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.

யமஹா, சுசுகி, தொஹாட்சு, மெர்குரி எல்லாம் நல்ல எஞ்சின்கள்தாம். உங்கள் வீட்டிலிருந்து அரை நாளுக்குள் எதன் இம்பெல்லரும் ஸ்பார்க் பிளக்கும் பெட்ரோல் பில்டரும் கிடைக்குமோ அதுதான் உங்களுக்கு நல்லது. வாங்கும் முன் பழுது பார்ப்பவரைச் சந்தியுங்கள். விற்பவர் ஒரு நாள் பழக்கம், பழுது பார்ப்பவர் பத்து ஆண்டுப் பழக்கம்.

10. பத்துப் பங்கு காசில் ஏழு பங்குக்கு மேல் போட்டுக்கும் எஞ்சினுக்கும் கொடுக்காதீர்கள்.

மிச்ச மூன்று பங்கு எதற்கு? ஆளுக்கொரு மிதவைச் சட்டை, குழந்தைக்குக் குழந்தை அளவில். நங்கூரமும் நீளமான கயிறும். தீயணைப்பான், விளக்கு, விசில், இரண்டு துடுப்பு. தண்ணீர் புகாத பையில் கைப்பேசி. நீரிணைக்குப் போனால் வி.எச்.எப். வானொலியும் வேண்டும், அதில் 16ஆம் அலைவரிசைதான் அபாய அழைப்புக்கு. பிறகு இழுவண்டி, நிறுத்துமிடம், முதல் சர்வீஸ். ஆனையை வாங்கி அங்குசத்துக்குப் பேரம் பேசாதே என்பார்கள். மிதவைச் சட்டை வாங்கக் காசில்லையென்றால், போட் வாங்கவும் இன்னும் காசு சேரவில்லை என்றுதான் பொருள்.

11. காகித வேலை முடியும் வரை எஞ்சினை முடுக்காதீர்கள்.

கடலிலும் துறைமுக எல்லையிலும் ஓட்டுவதற்கு ஜபாத்தான் லாவுட் எனும் கடல்துறையிடம் போய் உரிமம் பற்றிக் கேளுங்கள். சிலாங்கூர் ஆறு, ஏரிகளுக்கு 1999இல் அமைந்த ‘லுவாஸ்’ நீர் வாரியத்திடமும், புத்ராஜெயா ஏரிக்கு அதன் நிர்வாகத்திடமும் விசாரியுங்கள். பிடித்த மீனை விற்பதானால் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி மீன்வளத்துறை உரிமம் வேண்டும். இழுவண்டிக்கு ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள். எல்லா நீரிலும் எஞ்சின் ஓட்டலாம் என்றும் நினைக்க வேண்டாம். கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் மின்மினிகளுக்காக இன்றும் துடுப்புப் போட்டுத்தான் சம்பானை ஓட்டுகிறார்கள். அந்த மரியாதையை நாமும் கற்க வேண்டும்.

12. வாங்கிய பிறகுதான் செலவும் பொறுப்பும் தொடங்குகின்றன.

புது எஞ்சினை முதல் பத்து மணி நேரம் விரட்டாதீர்கள். கையேடு சொல்லும் வேகத்திலேயே பழக்குங்கள். உப்புத் தண்ணீரிலிருந்து ஏறிய ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட விட்டுக் கழுவுங்கள். அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் ஆனோடு கட்டி பாதி தேய்ந்ததும் மாற்றுங்கள். கடலுக்குத் துத்தநாகம், உப்பும் நன்னீரும் கலந்த ஆற்றுக்கு அலுமினியம், ஏரிக்கு மக்னீசியம். கிள்ளான் ஆற்றில் குப்பை அள்ள 2019 முதல் ஒரு மிதக்கும் இயந்திரமே நிற்கிறது; அப்படியும் பிளாஸ்டிக் பையும் கயிறும் விசிறியில் சுற்றும். எஞ்சினை நிறுத்தி, சாய்த்து, பிறகு கை வையுங்கள். எஞ்சினை அணைக்கும் சிவப்புச் சுருள் கயிறு எப்போதும் உங்கள் உடம்பில் மாட்டியிருக்கட்டும். பெட்ரோலை மூன்றாகப் பிரியுங்கள்: ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க. 40 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்குப் பதினைந்து லிட்டர் அளவில் குடிக்கும். 25 லிட்டர் டாங்கி இரண்டு மணி நேரம்கூட வராது.

கிளம்பும் முன் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். சொன்ன நேரம் கடந்தால் 999ஐ அழைக்கச் சொல்லுங்கள். அன்று சேற்றுத்திட்டுக்குப் போகும் முன் நான் இதைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. அம்மாவுக்கு எந்தத் திசையைப் பார்த்து நிற்பது என்றுகூடத் தெரிந்திருக்கவில்லை.