காவிரி பிறக்கும் குடகு

கேள்வி: காவிரி பிறக்கும் குடகு எத்தகைய நாடு? அதன் ஜனங்களும் அரசியலும் எப்படி?
— ஒரு விவசாயி, மன்னார்குடி

பதில்: உங்கள் பாமணியாற்றில் ஓடிவரும் தண்ணீருக்குத் தாய்வீடான குடகு, மடிக்கேரியைத் தலைநகராகக் கொண்ட மலைநாடு. பிரம்மகிரிச் சரிவிலுள்ள தலைக்காவிரியில், சிறு சதுரக் குண்டிகையொன்றில் துலா சங்கிரமணத்தன்று தீர்த்தம் பொங்குவதைத் தரிசிக்க அங்கே ஜனங்கள் திரளும் காலத்திலேதான், இங்கே மாயூரத்தில் துலா ஸ்நானம் ஆரம்பமாகிறது. பள்ளங்களில் நெல்லும், மேடுகளில் நிழல்மரங்களின் கீழ்க் காப்பியும், அம்மரங்களைப் பற்றிப் படரும் மிளகும் விளைகின்றன. முதற்கதிர் அறுத்து வீட்டுக்குக் கொணரும் புத்தரியும், ஆயுதங்களுக்குப் பூஜை செய்யும் கைல்போதும் குடகின் மக்களான கொடவரின் பிரதான பண்டிகைகள்.

1834-இல் அரசர் சிக்க வீரராஜேந்திரனை நீக்கி ஆங்கிலேயர் கைக்கொண்ட இந்நாடு, சுதந்திரத்துக்குப் பின்னும் தனி ராஜ்யமாகவே நீடித்தது. 1952 தேர்தலில், 24 ஸ்தானங்கள் கொண்ட சட்டசபையில் காங்கிரஸ் 15-ஐயும், மைசூருடன் இணைவதை எதிர்த்தவர்கள் 9-ஐயும் பெற, சி. எம். பூணச்சா முதன்மந்திரியானார். பின்னர் 1956 நவம்பர் 1-இல் குடகு மைசூரின் ஒரு ஜில்லாவாயிற்று. இன்று அதற்கு மாநிலச் சட்டசபையில் இரண்டே தொகுதிகள். சிறிய ஜில்லாதான், ஆனால் காவிரிக்கு நீரூட்டும் அதன் காடு அழிந்தால் நஷ்டம் நமக்கும் உண்டு என்பதை டெல்டா விவசாயி மறக்கலாகாது.