எல்லை கடக்கும் குப்பை

மாணவர் ஒருவர் தண்ணீர் குடித்து முடித்த நெகிழிப் புட்டியைப் பள்ளியில் உள்ள செம்மஞ்சள் தொட்டியில் போடுகிறார். நீலத் தொட்டி தாளுக்கு, பழுப்புத் தொட்டி கண்ணாடிக்கு, செம்மஞ்சள் தொட்டி நெகிழிக்கும் உலோகக் கலன்களுக்கும் என்பது மலேசிய மாணவர்கள் அறிந்ததே. புட்டியைச் சரியான தொட்டியில் போட்டதும் கடமை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால், புட்டியின் பயணம் அங்கேதான் தொடங்குகிறது. வெளிநாடுகளில் இவ்வாறு சேகரிக்கப்பட்ட நெகிழி, கடல் கடந்து சிலாங்கூர் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வந்து குவிந்த காலம் உண்டு.

இயற்கை வளத்தை எடுத்துப் பொருளாக்கிப் பயன்படுத்திய பின் வீசிவிடுவது நேர்கோட்டுப் பொருளாதாரம். பயன்படுத்திய பொருளைப் பழுதுபார்த்தும் மறுபயனீடு செய்தும் மீண்டும் பயனுக்குக் கொண்டுவருவது சுழற்சிப் பொருளாதாரம். இந்தச் சுழற்சி ஒரே நாட்டுக்குள் முடிவதில்லை. ஒரு நாட்டில் தயாரான புட்டி இன்னொரு நாட்டில் விற்கப்பட்டு, மூன்றாவது நாட்டில் உருக்கப்படலாம். இடையில் யாரேனும் பொறுப்பைத் தட்டிக் கழித்தால், துன்பம் வேறு நாட்டு மக்களைச் சேர்கிறது.

பல ஆண்டுகளாக உலக நாடுகள் ஏற்றுமதி செய்த நெகிழிக் கழிவில் பெரும் பங்கைச் சீனா வாங்கி வந்தது. அசுத்தமான கழிவு தன் சுற்றுச்சூழலைக் கெடுப்பதைக் கண்ட அந்நாடு, 2018 ஜனவரியில் அதன் இறக்குமதிக்குத் தடை விதித்தது. கழிவை அனுப்பிய நாடுகள் புதிய இடங்களைத் தேடின. கிள்ளான் துறைமுகத்துக்குக் கொள்கலன்கள் வரத் தொடங்கின. அதே ஆண்டில் மலேசியா, உலகில் மிக அதிகமாக நெகிழிக் கழிவை இறக்குமதி செய்த நாடுகளுள் ஒன்றாகியது.

கோலலங்காட் வட்டாரத்தில் உள்ள ஜெஞ்சாரோம் என்னும் ஊரில் உரிமம் பெறாத ஆலைகள் பல முளைத்தன. பயன்படும் நெகிழியை எடுத்துக்கொண்ட ஆலைகள், எஞ்சியதைத் திறந்தவெளியில் குவித்தன, இரவில் எரித்தன. நச்சுப் புகையால் மக்கள் இருமலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் ஆளாயினர். அவர்கள் புலம்பிக்கொண்டு இருந்துவிடவில்லை. ஆலைகள் இருக்கும் இடங்களைத் தாங்களே தேடிக் கண்டுபிடித்துச் சான்றுகளுடன் அதிகாரிகளிடம் புகார் அளித்தனர். அதன் பின்னரே சட்டவிரோத ஆலைகள் மூடப்பட்டன.

நெகிழியை மறுபயனீடு செய்வது நல்ல செயலன்றோ? அது ஏன் தீங்காக மாறியது? விடை புட்டியின் அடியிலேயே இருக்கிறது. அங்கு முக்கோணக் குறியினுள் ஓர் எண் காணப்படும். எண் 1 கொண்ட தண்ணீர்ப் புட்டி ஏறத்தாழ 250 பாகை செல்சியசில் உருகும். எண் 2 கொண்ட சலவைத் திரவக் கலனோ ஏறத்தாழ 130 பாகையிலேயே உருகிவிடும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து உருக்கினால் தரமான மூலப்பொருள் கிடைக்காது. எண்ணெயும் உணவுக் கழிவும் ஒட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். வகை பிரித்துக் கழுவிய நெகிழி ஒரு வளம். கலந்து கிடக்கும் அழுக்கு நெகிழி வெறும் சுமை.

வளத்தையும் சுமையையும் வேறுபடுத்தும் விதியை எந்த நாடும் தனித்து வகுக்க முடியாது. இதற்கு ஏற்கெனவே ஓர் அடித்தளம் இருந்தது. 1986-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக் குப்பைச் சாம்பலை ஏற்றிக்கொண்டு ‘கியான் சீ’ என்னும் கப்பல் புறப்பட்டது. பல நாடுகள் அதை ஏற்க மறுத்தன. 1988-இல் ஏறத்தாழ 4,000 டன் சாம்பல், உரம் என்ற பெயரில் ஹைத்தி நாட்டுக் கடற்கரையில் கொட்டப்பட்டது. இத்தகைய நிகழ்வுகள் எழுப்பிய கண்டனத்தின் விளைவாக, 1989-இல் சுவிட்சர்லாந்தில் பாசல் உடன்படிக்கை உருவானது. அபாயக் கழிவை அனுப்பும் நாடு, பெறும் நாட்டுக்கு முன்கூட்டியே அறிவித்து இசைவு பெற வேண்டும் என்பது அதன் முதன்மை விதி. ஏற்றுமதியாளர் விதியை மீறினால், அனுப்பிய நாடே கழிவைத் திரும்பப் பெற வேண்டும்.

2019 மே மாதம் ஜெனீவாவில் கூடிய ஏறத்தாழ 180 நாடுகள், நார்வே முன்மொழிந்த திருத்தத்தை ஏற்றன. இதன்படி, கலப்பான அல்லது அசுத்தமான நெகிழிக் கழிவுக்கும் முன் இசைவு கட்டாயமானது. வகை பிரித்த தூய நெகிழியை மறுபயனீட்டுக்காக வழக்கம்போல் வணிகம் செய்யலாம். இத்திருத்தம் 2021 ஜனவரி 1-ஆம் நாள் நடப்புக்கு வந்தது.

அதற்கு முன்னரே மலேசியா செயலில் இறங்கியிருந்தது. சட்டவிரோதமாக வந்த கழிவைத் திருப்பி அனுப்பப்போவதாக அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ யின் அறிவித்தார். 2020 ஜனவரிக்குள் 3,737 டன் கழிவுடன் 150 கொள்கலன்கள் 13 நாடுகளுக்குத் திரும்பின. அவற்றுள் பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42 கொள்கலன்கள் சென்றன. திருப்பி அனுப்பும் செலவைக் கப்பல் நிறுவனங்களும் கழிவை இறக்குமதி, ஏற்றுமதி செய்த நிறுவனங்களும் ஏற்றன. தன் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் கொட்டியவரே வந்து அள்ளிச் செல்ல வேண்டும் என்ற நியாயம் இங்கு நாடுகளுக்கிடையே நிலைநாட்டப்பட்டது.

ஆயினும், பணி முற்றுப்பெறவில்லை. நெகிழி மாசுக்கு எதிராகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் ஒன்றை உருவாக்க 2022-இல் நைரோபியில் 175 நாடுகள் முடிவு செய்தன. ஆனால், நெகிழி உற்பத்தியின் அளவையே குறைக்க வேண்டுமா என்பதில் நாடுகள் உடன்படவில்லை. 2024-இல் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் நடந்த பேச்சுகள் இணக்கமின்றி முடிந்தன.

இன்னொரு கேள்வி நம் வீட்டையும் நோக்கி வருகிறது. உள்நாட்டுக் குப்பை பெரும்பாலும் பிரிக்கப்படாமல் கலந்து வருவதால், உரிமம் பெற்ற ஆலைகள் கூட வெளிநாட்டுத் தூய நெகிழியை நாடின. சட்டம் 672-ஐ ஏற்ற மாநிலங்களில் 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம். அவ்வாறு பிரித்தால் உள்நாட்டு நெகிழியே ஆலைகளின் மூலப்பொருளாகும். வெளியிலிருந்து வாங்கும் தேவையும் குறையும்.

ஜெனீவாவில் நாடுகள் வகுத்த விதி, அழுக்கு நெகிழியையும் தூய நெகிழியையும் பிரித்துப் பார்த்தது. புட்டியைக் கழுவி, மூடியைத் தனியே எடுத்து, உரிய தொட்டியில் போடும் மாணவரும் அதே வேலையைத்தான் செய்கிறார். ஒருவர் அதைச் செய்யாமல் விட்டால், அவ்வேலை வேறு எங்கோ முகம் தெரியாத ஒருவரின் தலையில் விழுகிறது. ஜெஞ்சாரோம் மக்கள் சுவாசித்த புகை அத்தகைய சுமைதான்.