நின்றாலும் எரியும் விளக்கு

கேள்வி: ரயில் எஞ்சினின் முகப்பில் விளக்கு வைக்கும் வழக்கம் எவ்வாறு தோன்றியது?

பதில்: எஞ்சின் பிறந்தபோது விளக்கு உடன் பிறக்கவில்லை. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரிலிருந்து ஹாம்பர்க் வரையில் 136 மைல் தூரத்துக்கு இருப்புப் பாதை போட்ட கம்பெனியின் தலைமை எஞ்சினீயராகிய ஹொரேஷியோ ஆலன் என்பவர், 1830-களின் ஆரம்பத்தில், எஞ்சினுக்கு முன்னால் ஒரு தட்டு வண்டியைச் சேர்த்து, அதன்மேல் மணலைப் பரப்பி, பிசின் கசியும் பைன் கட்டைகளை இரும்புக் கூடையிலிட்டுக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் ராத்திரிப் பிரயாணத்தைப் பரீட்சித்தார். சுவாமி புறப்பாட்டுக்கு முன்னே தீவட்டி போவதைக் கண்டிருக்கும் நமக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. பின்னர் கண்ணாடிக் கூண்டும் குழிந்த பிரதிபலிப்பானும் கொண்ட எண்ணெய் விளக்குகள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மின்சாரம் எஞ்சினில் ஏறியபோது, கொதிகலனிலிருந்தே சிறிது நீராவியைப் பிரித்து, ஒரு சின்னஞ்சிறு டர்பைனைச் சுழற்றி, அதனோடு பிணைத்த டைனமோவினால் விளக்கை எரியவைத்தார்கள். சக்கரத்தின் ஓட்டத்தை விளக்கு நம்பியிராததால், வண்டி ஸ்டேஷனில் நின்றாலும் வெளிச்சம் குன்றவில்லை.

கேள்வி: என் தகப்பனார் வாங்கிய, மின்சாரத்தில் ஓடும் சிறு மாதிரி ரயிலின் பழைய நீராவி எஞ்சினில் விளக்கு, வண்டி மெதுவாகப் போனால் மங்கி, நின்றால் அணைந்துவிடுகிறதே, ஏன்?

பதில்: அந்தச் சிறு எஞ்சினுக்குக் கொதிகலன் ஏது? மோட்டாருக்கும் விளக்குக்கும் ஆகாரம் ஒன்றே; தண்டவாளத்தில் பாயும், உச்ச அளவில் 12 வோல்ட் கொண்ட நேர்திசை மின்சாரம். வேகத்தைக் குறைக்க வோல்ட்டைக் குறைத்தால் விளக்கும் பட்டினி கிடக்கிறது. இதற்குப் பரிகாரமாக, மோட்டாருக்குச் செல்லும் வழியில் இரண்டு டயோடுகளை வரிசையாக வைத்து, அவற்றின் குறுக்கே எஞ்சும் சுமார் 1.4 வோல்ட்டை 1.5 வோல்ட் பல்புக்குக் கொடுத்தார்கள். வண்டி அசையுமுன்பே விளக்கு எரியலாயிற்று. எண்முறைக் (டிஜிட்டல்) கட்டுப்பாடு வந்தபின், தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் நிற்க, எஞ்சினுக்குள் அமர்ந்த டிகோடர் என்னும் சிறு பலகை, மோட்டாருக்கு வேண்டியதையும் விளக்குக்கு வேண்டியதையும் தனித்தனியே பங்கிடுகிறது. பெரிய எஞ்சினில் டர்பைன் செய்த உபகாரத்தையே இங்கே அது செய்கிறது.

கேள்வி: தகப்பனாரின் எஞ்சினில் மோட்டாரும் திணறுகிறது. புதிய மோட்டார் பொருத்தினால் எஞ்சினின் பழமை கெடுமோ?

பதில்: உருவத்தில் கை வைக்காத வரையில் கெடாது. பழைய திறந்த சட்டக மோட்டாரின் காந்தம் வயதாக ஆகச் சக்தி குன்றி, அதிக மின்சாரத்தை விழுங்கிக் குறைந்த வேலையே செய்யும்; இப்போது கிடைக்கும் மூடிய உருளை மோட்டார், அதில் ஒரு பங்கு மின்சாரத்தைக் கொண்டே நிதானமாக இழுக்கும். பொருத்துகையில் இரண்டு விஷயங்களில் ஜாக்கிரதை வேண்டும். திருகுப் பற்சக்கரம் அச்சின் பற்சக்கரத்தோடு அதிகமாக இறுகினால் முனகும், தளர்ந்தால் வழுக்கும். பழைய எஞ்சின்கள் பலவற்றில் உலோக உடலே மின்சாரத்தின் ஒரு வழியாக இருப்பதால், டிகோடர் வைக்கும்போது மோட்டாரின் இரு முனைகளையும் உடலிலிருந்து முற்றிலும் பிரித்துவிட வேண்டும். மறந்தால் டிகோடர் கருகும். கழற்றிய மோட்டாரை எறியாமல், தகப்பனாரின் ஞாபகமாகப் பெட்டியில் வைத்திருங்கள்.

விளக்குக்கு எல்.ஈ.டி. போடுவதானால், அதற்குரிய மின்தடையைச் சேர்ப்பதோடு, உங்கள் எஞ்சின் எந்தக் காலத்து எஞ்சினின் மாதிரியென்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் விளக்குக் காலத்து எஞ்சினுக்கு வெள்ளை வெளிச்சம் பொருந்தாது; தீயின் மஞ்சள்தான் அதற்கு அழகு.