பஸ்ஸுக்கு எந்தக் கட்டம்?

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வகுப்பில், ஒடுக்கப்பட்டவர்களே தங்கள் நிலையைப் பேசி மாற்ற வேண்டும் என்ற பாவ்லோ ஃப்ரேயரே. களப்பணி நாளில் கையில் டேப்லெட், அதில் 'பயனாளிகள் எண்ணிக்கை'. "நான் போடுவது இரட்டை வேடமா அக்கா?" என்று கேட்டிருக்கிறாய்.

நம் சமூகப்பணிப் படிப்பு ஒருநாளும் முதலாளி காசு படாமல் இருந்ததில்லை. 1936இல் பம்பாயில் தொடங்கிய நாட்டின் முதல் சமூகப்பணிப் பள்ளியே டாடா அறக்கட்டளைப் பணத்தில் எழுந்தது. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது 1948 தொழிற்சாலைச் சட்டம். நம் எம்.எஸ்.டபிள்யூ. படிப்பை முடித்தவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் ஆலைக்குள் போனார்கள். இப்போது அதற்குப் பெயர் ஹெச்.ஆர். ஆகவே உன் குற்ற உணர்ச்சியில் பாதியை இறக்கி வை.

மீதிப் பாதி நியாயமானது. 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் பார்க்கும் கம்பெனி, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்ற விதி 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பணம் வந்தது, கூடவே கணக்கு முடிக்கும் மார்ச் 31-உம் வந்தது. பெரும்பாலும் அதற்குள் எண்ணிக் காட்ட முடிகிற வேலைதான் வேலை: தையல் பயிற்சி, கண் பரிசோதனை முகாம், ஸ்மார்ட் வகுப்பறை.

அப்படி ஒரு கம்பெனிப் பணத்தில், சென்னைக்குத் தெற்கே ஒரு மறுகுடியமர்வுப் பகுதியில் அழகுக்கலைப் பயிற்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் நாலு வீட்டில் வேலை பார்த்த ஓர் அம்மா. இங்கே கொண்டுவந்து விட்டபிறகு மூன்று வீட்டு வேலை போய்விட்டது. என் படிவத்தை எட்டிப் பார்த்து, "விடிகாலையில பஸ் இல்லம்மா. அதை எந்தக் கட்டத்துல எழுதுவே?" என்றார். கட்டம் இல்லை. 'இதர'வில் போட்டேன். அலுவலகத்தில் அந்த வரியை எடுத்துவிட்டுத்தான் மேலே அனுப்பினார்கள்.

வேலையை விட்டிருக்கலாம். அப்பாவுக்கு மாத்திரை வாங்க வேண்டியிருந்தது, சொல்ல வெட்கமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து பஸ் கேட்டு மனு எழுதினோம். எழுதியது நானில்லை, பத்தாவது படிக்கும் அவர் மகள். நாலரைக்கா, ஐந்துக்கா என்று பெண்களுக்குள் ஒரு மணி நேரம் சண்டை. வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எனக்கு அன்றைய களப்பணி.

மூன்றாவது மனுவுக்குப் பிறகு ஒரு பஸ் விட்டார்கள். அந்த ஆண்டு அறிக்கையில் இருப்பது: அழகுக்கலைப் பயிற்சி முடித்தவர்கள் 38 பேர். அந்த அம்மா கணக்கில் இல்லை. பயிற்சி தொடங்கும் நேரத்துக்கு அவர் மயிலாப்பூரில் இருந்தார்.

அன்புடன்,
அக்கா