ஒளி தொட்ட காற்று

நுழையும்முன்

கண்ணுக்கு எட்டாத ஒரு மெல்லொளியைப் பொறுமையுடன் தேடியவர்களின் உழைப்பு, பின்னாளில் மின்னலுக்கே வழிகாட்டும் ஆற்றலாக வளர்ந்தது. அவ்வளர்ச்சியை இப்பாடம் விளக்குகிறது.

பேட்டையின் பழைய ஓட்டுவீட்டில், கூரையின் கண்ணாடி ஓடு வழியே இறங்கும் வெயில் ஒரு தூண்போலத் தோன்றும். மிதக்கும் தூசியில் மோதி ஒளி சிதறுவதே அதற்குக் காரணம். தூசியற்ற காற்றிலும் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்கின்றன. சிதறும் ஒளியின் பெரும்பகுதி நிறம் மாறுவதில்லை. மிகச் சிறு பகுதி மட்டும் மூலக்கூறுடன் ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறுகிறது.

அச்சிறு பகுதியை 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் கண்டறிந்தவர்கள் சர் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் ஆவர். கிருஷ்ணன், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வத்திராயிருப்பைச் சேர்ந்தவர். சூரிய ஒளியைக் குவித்து, நீர்மங்களிலும் ஆவிகளிலும் செலுத்தி, சிதறிய ஒளியை நிறவடிகட்டி வழியே அவர் தம் கண்ணால் நோக்கினார். கண்டவற்றை நாட்குறிப்பில் எழுதினார். அவ்வாண்டு ‘நேச்சர்’ இதழில் இருவர் பெயரிலும் ஆய்வுக்குறிப்பு வெளிவந்தது. 1930இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. எனினும், அக்கண்டுபிடிப்பில் கிருஷ்ணனின் உழைப்பு அழியாத இடம் பெற்றுள்ளது.

1960இல் லேசர் பிறந்தது. மறு ஆண்டு கிருஷ்ணன் மறைந்தார். 1962இல், வலிய லேசர் ஒளி செல்லும் நீர்மத்தில் நிறம் மாறிய ஒளி பெருக்கெடுப்பது அறியப்பட்டது. அடுத்த ஆண்டு ஹைட்ரஜன் வாயுவிலும் அது காணப்பட்டது. அரிதில் புலப்பட்ட கசிவு ஆறாயிற்று.

இன்று லேசர் ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாக ஆக்க இயலும். 100 ஃபெம்டோ வினாடித் துடிப்பின் நீளம் 30 மைக்ரோமீட்டரே; அது தலைமயிரின் தடிமனினும் குறைவு. இத்தகைய வலிய துடிப்பு காற்றில் செல்லும்போது, செறிவு மிகுந்த நடுப்பகுதியில் ஒளிவிலகல் எண் சற்றே உயர்கிறது. காற்றே குவிலென்சாகி ஒளியைக் குவிக்கிறது. குவிவு மிகும்போது மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து ஒளியை விரிக்கின்றன. இரண்டும் சமநிலை பெற்றால், ஒளி மெல்லிய இழையாக நெடுந்தொலைவு செல்லும்.

நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஈரணுவால் ஆன நீள்வடிவின. துடிப்பின் மின்புலத் திசையை நோக்கி அவை திரும்ப முற்படும். திரும்புவதற்குச் சிறிது நேரம் தேவை. ஆகவே துடிப்பின் முன்பகுதி கடந்த காற்று வேறு, பின்பகுதி கடக்கும் காற்று வேறு. துடிப்பு சென்ற பின்னும் நைட்ரஜன் மூலக்கூறுகள் ஏறத்தாழ 8.4 பிக்கோ வினாடிக்கு ஒருமுறை மீண்டும் வரிசைப்படுகின்றன. மெல்லொளி காற்றைக் கடந்து செல்கிறது. வல்லொளியோ தான் செல்லும் வழியையே மாற்றிச் செல்கிறது.

2021இல் சுவிட்சர்லாந்தின் சாண்டிஸ் மலையுச்சியில், லேசர் துடிப்புகளால் ஏற்பட்ட அடர்த்தி குறைந்த காற்றுப்பாதை, மின்னலை ஏறத்தாழ 50 மீட்டர் வழிநடத்தியது. உயிர் காக்கும் இம்முயற்சிக்கு அடிப்படையான ஒளி, மூலக்கூறு உறவை ஆராய்ந்த முன்னோடிகளுள் வத்திராயிருப்பின் கிருஷ்ணனும் ஒருவர். சிறியது என்று எதையும் ஒதுக்காத நோக்கே அறிவியலின் முதற்கருவி.

கற்பவை கற்றபின்

மெல்லொளியும் வல்லொளியும் காற்றில் செல்லும் முறைகளை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.