கஜானாவும் ஓய்வூதியமும்

சிரஞ்சீவி மருமகனுக்கு, மாமாவின் ஆசீர்வாதம்.

அரசாங்க உத்தியோகத்துக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் நீ, மாநிலத்தின் வருமானத்தில் பெரும்பகுதியைச் சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியுமே விழுங்கிவிடுகின்றன என்று பத்திரிகையில் படித்துவிட்டு, வயோதிகர்களுக்குப் போகும் பணத்தைக் குறைத்தாலல்லவா வாலிபர்களுக்கு வேலை கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். உன் கவலை நியாயமானதே. ஆனால் ஓய்வூதியத்தை நீ தர்மக் கணக்கில் சேர்த்துவிட்டாய்.

1982 டிசம்பர் 17-ஆம் தேதி, நகாரா வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, ஓய்வூதியம் சர்க்கார் மனமிரங்கிக் கொடுக்கும் இனாம் அல்லவென்றும், செய்து முடித்த ஊழியத்துக்கு உரிய பலனே என்றும் தீர்ப்பளித்தது. சார்நிலைக் கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணல் நடக்கும் நாளொன்றில் போய் உட்கார்ந்து பார். கணவர் பெயரிலுள்ள ஓய்வூதியப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாய்ச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தான் இன்னும் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வரிசையில் காத்திருக்கும் மூதாட்டியைக் காண்பாய். அவள் வாங்கப்போவது, அவள் புருஷன் பணியிலிருந்த காலத்தில் அரசாங்கம் பிற்பாடு தருவதாய் நிறுத்திவைத்த கூலியின் ஒரு பகுதி.

அப்படி நிறுத்திவைத்த கூலிக்கென்று தனி நிதி எதையும் அரசாங்கம் சேர்த்துவைக்கவில்லை என்பதுதான் சங்கடத்தின் மூலம். பழைய திட்டத்தில் அந்தந்த வருஷத்து ஓய்வூதியம் அந்தந்த வருஷத்து வரிப்பணத்திலிருந்தே கொடுக்கப்பட்டது. மனிதரின் ஆயுள் நீள, அகவிலைப்படி ஏற, ஊதியக் குழு ஒவ்வொன்றும் தொகையை உயர்த்த, பாரம் வளர்ந்தது. அந்தப் பாரம் மெய்யானது. ஊழியர் சங்கத்தார் சிலர் செய்வதுபோல் அதை இல்லையென்று சாதிப்பதில் பயனில்லை. ஆகையால் தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-ஆம் தேதிக்குப்பின் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது: அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் ஊழியரிடம் பிடித்தம், அதற்குச் சமமாக அரசின் பங்கு. மத்திய சர்க்கார் 2004-இல் தொடங்கிய திட்டத்தில் பணம் வெளியே முதலீடாயிற்று. நம் மாநிலத்திலோ அது அரசாங்கத்தின் பொறுப்பிலேயே வட்டியோடு இருந்தது. அதன்கீழ் ஓய்வு பெற்றவர்கள் மொத்தத் தொகையொன்றைப் பெற்றுக்கொண்டு, மாதாந்தர வருமானமின்றி வீடு திரும்பினார்கள். சீர்திருத்தம் என்ற பெயரில் நடந்த இதை நான் நியாயமென்று ஒப்பமாட்டேன். ராஜஸ்தானமும் இமாசலப் பிரதேசமும் பழைய திட்டத்துக்கே மீண்டதும், 25 வருஷம் பணியாற்றியவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதியை உறுதியளிக்கும் திட்டத்தை மத்திய அரசு 2025 ஏப்ரலில் அமலாக்கியதும் இத்தகைய அதிருப்தியின் விளைவுகளே.

இனி உன்னைத் தொடும் விஷயத்துக்கு வருகிறேன். கொரோனாக் காலத்தில் நம் மாநிலக் கஜானா வறண்டபோது, அகவிலைப்படி உயர்வும் சரண் விடுப்புப் பணமும் நிறுத்தப்பட்டதோடு, ஓய்வு பெறும் வயது 2020-இல் 58-லிருந்து 59-ஆகவும், மறுவருஷமே 60-ஆகவும் உயர்த்தப்பட்டது. பணிக்கொடை முதலிய பெருந்தொகைகளை உடனே கொடுக்கவேண்டிய நிர்ப்பந்தம் தள்ளிப்போயிற்று. கூடவே, காலியாகவேண்டிய நாற்காலிகள் காலியாகாமல், உன்னைப் போன்றோர் வயதுவரம்பை எண்ணியபடி காத்திருந்தீர்கள். அதற்கு முன்பே, 2015-இல் முறையான தேர்வெழுதி வந்த செவிலியர்களையும் அரசு மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்திலேயே நியமித்தது. இரவெல்லாம் பிரசவ வார்டில் நின்றவளுக்கு அதுதான் கிடைத்தது. முதியவரின் ஓய்வூதியத்தை வெட்டினால் அந்தப் பணம் உன் நியமனத்துக்கு வந்து சேரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இரண்டு தலைமுறைக்கும் கொடுக்கவேண்டியதை ஒரே கை தள்ளிப்போட்டிருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். ஒருவரைப் பணியில் அமர்த்தும் நாளிலேயே அவருடைய முதுமைக்கான தொகையையும் செலவாக எழுதி, அதை அரசாங்கம் தொட முடியாத நிதியில் போட்டுவரவேண்டும்; அதற்கு வரி கூட்ட நேர்ந்தால், அதையும் ஜனங்களிடம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

நீ தேறி, நியமன உத்தரவு கைக்கு வந்ததும், உன் பிடித்தம் எவ்வளவு, அரசின் பங்கு எந்தக் கணக்கில் சேர்கிறது, அதன் இருப்பை எங்கே பார்க்கலாம் என்பவற்றை அலுவலகத்தில் கேட்டறிந்து எனக்கு எழுது. அக்காவை நான் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா